இட்டேரிக்கும் ஒரு நாள் வாங்க

பொங்கல் வந்தா கோயமுத்தூர் பக்கம் ரெண்டு கூட்டம் விடியறதுக்குள்ள கிளம்பும். ஒண்ணு, காப்புக்கட்டுறதுக்கு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் தேடிக் காட்டுப்பக்கம் போற எங்க கூட்டம். இன்னொண்ணு, கழுத்துல பைனாகுலர் மாட்டிக்கிட்டு குளத்தோரம் நிக்கிற பறவை பார்க்கிற கூட்டம். ஒரே நாள், ஒரே நேரம். ஆனா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறதே இல்லை. இது நல்லதுக்கில்லைங்கறதுதான் என் கட்சி.

டவுன்ல இருக்கிற நண்பர்கள் பலபேருக்குத் தெரிஞ்சிருக்கும். 2015ல இருந்து வருசா வருசம் பொங்கலை ஒட்டின நாலு நாள் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்குது. தமிழ் பேர்டர்ஸ் நெட்வொர்க் நடத்துறாங்க. பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒரு இடத்துல குறைஞ்சது பதினஞ்சு நிமிசம் நின்னு, கண்ணுல படுறதையும் காதுல விழறதையும் எழுதி, 'இ-பேர்டு'ங்கற இணையதளத்துல ஏத்தணும். அவ்வளவுதான். கோயமுத்தூர் நேச்சர் சொசைட்டி மாதிரி அமைப்புகள் நம்ம ஊர்ல குளம் குளமாப் போய் இதைச் செய்யறாங்க. அவங்களோட ஸ்கூல் பசங்களும் காலேஜ் பசங்களும் போறாங்க.

எங்க பக்கம் இதைக் கேட்டா மொதல்ல சிரிப்பாங்க. "குருவி எண்ணி என்னுங்க ஆகப்போவுது?"ன்னு கேட்பாங்க. கேள்வி நியாயமான கேள்வி. பதிலும் இருக்கு. திருப்பூருக்குப் பக்கத்துல நஞ்சராயன் குளம். சாயத்தண்ணியும் சாக்கடையும் சேர்ந்து, இனி இது குளமே இல்லைன்னு ஊரே கைவிட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு. திருப்பூர் இயற்கைக் கழகத்து ஆளுங்க வருசக்கணக்கா அங்க போய் நின்னு, என்ன பறவை வருது, எந்த மாசம் வருது, எத்தனை வருதுன்னு எழுதிக்கிட்டே வந்தாங்க. கிட்டத்தட்ட 190 வகைப் பறவைக்கு அங்க பதிவு இருக்கு. 2022ல அந்தக் குளத்தைத் தமிழ்நாட்டோட 17வது பறவைகள் சரணாலயமா அரசாங்கம் அறிவிச்சுது. 2024 ஆகஸ்ட்ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. அதாவது, உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அர்த்தம்.

குளத்துக்கு வாய் இல்லை. அதுக்குப் பதிலா ஒரு நோட்டு பேசுச்சு. குருவி எண்ணி என்ன ஆகும்ங்கறதுக்கு இதுதான் பதில்.

நான் கேட்கிறது, அந்த நோட்டு ஏன் குளக்கரையோடயே நின்னுபோவுதுன்னுதான்.

நான் குடியிருக்கிற துடியலூருக்குப் பக்கத்துலதான் தடாகம் ரோடு ஆனைகட்டிக்குப் போகுது. அங்க 1990ல ஆரம்பிச்ச சலீம் அலி பறவையியல் மையம் இருக்கு. இந்தியா பூராவும் இருந்து பறவை படிக்க வர்றவங்க எங்க காட்டைத் தாண்டித்தான் போறாங்க. வார கடைசியில கேமராவோட போற வண்டிகளுக்கும் கணக்கில்லை. எல்லாரும் மலைக்குப் போறாங்க, இல்லைன்னா உக்கடம், சிங்காநல்லூர்னு குளத்துக்குப் போறாங்க. நடுவுல இருக்கிற சோளக்காடும் தென்னந்தோப்பும் வண்டி ஜன்னல்ல ஓடி மறையற இடமாவே இருக்கு.

ஆனா ஆபத்து எங்க இருக்குன்னு அவங்க எழுதின கணக்கே சொல்லுது. 2023ல 'இந்தியப் பறவைகளின் நிலை'ன்னு ஒரு அறிக்கை வந்துச்சு. நாடு முழுக்க சுமார் 30,000 பேர் ஏத்தின பட்டியல்கள வச்சுத் தயார் பண்ணினது. நீண்ட காலப் போக்கைச் சொல்ல முடிஞ்ச 338 வகைப் பறவையில 204 வகை குறைஞ்சிருக்கு. நூத்துக்கு அறுபது. அதுலயும் புல்வெளி, மேய்ச்சல் காடு, தரிசு, வெள்ளாமைக் காடுன்னு திறந்த வெளியில வாழற பறவைகளோட நிலைமை மோசம். பனங்காடை குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு அதுல பேர் போட்டே எழுதியிருக்காங்க. கரண்டு கம்பி மேல உட்கார்ந்திருந்துட்டுப் பறக்கும்போது நீலமா ரெக்கை விரிக்குமே, அதேதான். அது மலைக்காட்டுப் பறவை இல்லை. எங்க காட்டுப் பறவை.

திறந்த வெளின்னா கொங்குநாட்டுல என்னன்னு கேட்டா, ஒரே வார்த்தையில சொல்லிடலாம்: இட்டேரி.

இந்த வார்த்தை டவுன்ல பொறந்தவங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ரெண்டு பக்கமும் காடு, நடுவுல ஒரு மாட்டு வண்டி போற அகலத்துக்குத் தடம், தடத்தோட ரெண்டு ஓரத்துலயும் ஆள் உயரத்துக்கு உயிர்வேலி. இதுதான் இட்டேரி. ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போகும்போது அடுத்தவன் வெள்ளாமையில வாய் வைக்காம இருக்கணும்னு நம்ம பெரியவங்க அமைச்சது. வேலியில கிளுவை நட்டிருப்பாங்க. மத்ததெல்லாம் பறவை எச்சத்துலயும் காத்துலயும் தானா வந்து சேர்ந்தது. சங்கஞ்செடி, காரை, சூரை, தொரட்டி, கள்ளி, ஆவாரை, அது மேல படர்ந்த கோவைக்கொடி, பிரண்டை, முசுக்கை, வேலிப்பருத்தி. நடுநடுவுல வேம்பும் வெள்வேலும்.

இந்தப் பத்தடி அகலத்துக்குள்ள ஒரு ஊரே குடியிருக்கும். அடியில கவுதாரியும் காடையும் முட்டை வைக்கும். புதருக்குள்ள தவிட்டுக்குருவி கூட்டமாக் கத்திக்கிட்டுத் திரியும். செம்போத்து ஓணான் தேடும். மேல் கிளையில கரிச்சான் உட்கார்ந்து, உழவு ஓட்டும்போது கிளம்பற பூச்சியை ஒண்ணொண்ணாப் புடிக்கும். கீரி, அரணை, சாரைப்பாம்பு எல்லாம் அதுக்குள்ளதான். எலிக்கு விசம் வைக்காம பண்ணையம் பார்த்த காலத்துல, சாரையும் கூகையும்தான் எங்களுக்குச் சம்பளமில்லாத பண்ணையாளுங்க. இப்ப வேளாண்மைத் துறைக்காரங்க காட்டுல குச்சி நட்டுப் பறவைத் தாங்கி வைங்கன்னு சொல்றாங்க. நல்ல யோசனைதான். வேலியும் மரமும் இருந்தப்ப அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கலை.

இட்டேரி எப்படிப் போகுதுன்னு பார்த்தா, யாரோ ஒரு வில்லன் வந்து அழிக்கிறது இல்லை. துடியலூர் 2011ல மாநகராட்சியோட சேர்ந்துச்சு. அதுக்கு முன்னாடியே மேட்டுப்பாளையம் ரோடு பூராவும் சைட் போட ஆரம்பிச்சாச்சு. நிலத்தைச் சென்ட் கணக்குல விக்கிற ஊர்ல, ரெண்டு பக்கமும் வேலிக்குன்னு நாலடி அஞ்சடி விடுறது 'வேஸ்ட்'டாத் தெரியுது. பொக்லைன் ஒரு நாள் ஓடினா நூறு வருச வேலி காலி. கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிட்டா அளவு சுத்தமா இருக்கும், பாம்பு பயமும் இல்லைன்னு சொல்றாங்க. தடாகம் பக்கம் செங்கல் சூளைக்காகச் செம்மண் வெட்டின இடங்கள்ல இட்டேரி மட்டுமில்லை, அது போன தரையே இல்லாமப் போச்சு. சூளைகளை 2021ல மூடினாங்க. குழி அப்படியேதான் கிடக்கு.

இதுல என் சொந்தக்காரங்களும் இருக்காங்க, பக்கத்துக் காட்டுக்காரங்களும் இருக்காங்க. அவங்களைக் குத்தம் சொல்லி ஒரு பலனும் இல்லை. பொண்ணு கல்யாணத்துக்கோ பையன் படிப்புக்கோ நிலத்தை வித்தவன்கிட்டப் போய், கவுதாரி முட்டை வைக்க இடம் விட்டியான்னு கேட்க முடியுமா? கேட்க வேண்டிய இடம் வேற. இட்டேரிகள்ல பலதும் ரெவின்யூ கணக்குல வண்டிப்பாதைப் புறம்போக்கு. அதாவது யாரோட பட்டாவுலயும் இல்லை, ஊருக்குப் பொதுச் சொத்து. அதைத் தார் ரோடாக்கறதா, வேலியோட விட்டுவைக்கிறதாங்கறது ஊர் எடுக்கிற முடிவு. ஊர் முடிவெடுக்கணும்னா கையில ஏதாவது இருக்கணும். குளத்துக்கு நோட்டு இருந்துச்சு. இட்டேரிக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

சரி, விவசாயிக்கும் பறவைக்காரங்களுக்கும் ஏன் ஆகமாட்டேங்குது? ஒளிச்சுப் பேசறதுல அர்த்தமில்லை. மயில்.

டவுன்காரங்களுக்கு மயில் ஒரு போட்டோ. எங்களுக்கு அது போட்ட விதை. மக்காச்சோளம் முளைக்கிறப்ப வரிசையாக் கொத்திக்கிட்டே போகும். நெலக்கடலையக் கிளறும். தக்காளி பழுக்கிற நேரத்துல ஒரு கொத்து கொத்திட்டு அடுத்த பழத்துக்குப் போயிடும். கொத்து விழுந்த தக்காளியை மார்க்கெட்டுல எவனும் வாங்க மாட்டான். மயில் 1963ல தேசியப் பறவை ஆச்சு. 1972ம் வருச வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. கை வச்சா ஜெயில். அது சரியான சட்டம்தான், மாத்தச் சொல்லலை. ஆனா அதே 2023 அறிக்கையில மயில் நாடு முழுக்க நல்லாப் பெருகியிருக்குன்னும் இருக்கு. குறையறதுக்காகக் கவலைப்படறவங்க, கூடறதுக்கான செலவை யார் தலையில வச்சிருக்காங்கன்னும் யோசிக்கணும் இல்லைங்களா?

பறவை ஆர்வலர் ஒருத்தர் வந்து "மயில் எவ்வளவு அழகு"ன்னு சொன்னா எங்க ஆளு மூஞ்சியைத் திருப்பிக்கிறான். அந்தக் கடுப்புல யாரோ ஒருத்தன் தானியத்துல விசத்தக் கலந்து வைக்கிறான். மயிலும் சாகுது, அதோட கவுதாரியும் புறாவும் மைனாவும் சாகுது, கடைசியில அவனும் கேஸ்ல மாட்டறான். யாருக்கும் லாபமில்லாத சண்டை இது. இன்னொண்ணையும் எங்க ஆளுங்க நினைச்சுப் பார்க்கணும். மயில் முட்டையையும் குஞ்சையும் தின்னற நரியும் கீரியும் இருந்த இடத்தை அழிச்சிட்டு, மயில் பெருகிப்போச்சுன்னு நாமளே புலம்பறோம். இட்டேரி போனதுல மயிலுக்கு நட்டம் கொஞ்சம்தான். அது வீதியில, மொட்டை மாடியிலகூடப் பொழைச்சுக்கும். கவுதாரிக்கு அந்தத் தெறமை இல்லை.

விவசாயியும் வனவிலங்கு ஆர்வலரும் ஒண்ணாச் சேர்ந்து வேலை செய்ய முடியாதுன்னு நினைக்கிறவங்க பாறுக் கழுகு கதையக் கேட்கணும். பிணந்தின்னிக் கழுகுன்னு நாம சொல்றது. 1990கள்ல இருந்து இந்தியாவுல அது நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கும் மேல அழிஞ்சு போச்சு. காரணம் துப்பாக்கியும் இல்லை, காடு அழிஞ்சதும் இல்லை. மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடற டைக்குளோபினாக் ஊசி. அந்த மாடு செத்து அதைக் கழுகு தின்னா, அதோட கிட்னி கெட்டுச் சாகும். 2006ல மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க. அப்புறமும் மனுசனுக்குன்னு விக்கிற பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. அதனால 2015ல அந்தப் பெரிய பாட்டிலையும் தடை பண்ண வேண்டியதாச்சு. 2023ல கீட்டோபுரோபன், அசிகுளோபினாக்னு இன்னும் ரெண்டு மருந்தும் மாட்டு வைத்தியத்துல தடையாச்சு. கோயமுத்தூர்ல இருக்கிற அருளகம் அமைப்பு, மாயாறு பக்கம் மிச்சமிருக்கிற பாறுகளுக்காக இந்த வேலையில வருசக்கணக்கா இருக்கு. அவங்க பைனாகுலரோட மலை மேல மட்டும் நிக்கலை. மாட்டுக்காரங்ககிட்டயும் கால்நடை டாக்டர்ககிட்டயும் மருந்துக்கடைக்காரங்ககிட்டயும் உட்கார்ந்து பேசினாங்க. ஏன்னா கழுகோட உசுரு மாட்டுக்கொட்டாயில இருந்துச்சு.

கவுதாரியோட உசுரும் பனங்காடையோட உசுரும் அதே மாதிரி எங்க வேலியிலயும் வரப்புலயும்தான் இருக்கு. அதை ஏன் எங்ககூட உட்கார்ந்து பேசக்கூடாது?

தூக்கணாங்குருவியையே எடுத்துக்குங்க. சலீம் அலி 1930ல மகாராஷ்டிரத்துக் கடலோரத்துல கிகிம்ங்கற ஊர்ல உட்கார்ந்து அதோட குடும்ப வாழ்க்கையைக் கண்டுபிடிச்சார். ஆண் குருவி பாதிக்கூடு கட்டி வைக்கும், பெண் வந்து பார்த்துப் புடிச்சாத்தான் மிச்சத்தைக் கட்டும், ஒண்ணு முடிஞ்சதும் அடுத்த கூட்டுக்குப் போயிடும். இதைக் கண்டுபிடிக்க அவர் பெரிய வனத்துக்குள்ள போகலை. எங்க பக்கம் அது கட்டறது கிணத்துக்குள்ள சாஞ்ச கிளையிலயும், பனை, தென்னை ஓலையிலயும். அதுக்கு மூணு வேணும்: கூடு பின்ன நீளமா நார் கிழிக்கிற மாதிரி புல்லோ சோளத் தோகையோ, தின்ன தானியம், தொங்கவிடக் கிணறோ மரமோ. இப்ப நாங்க சோளம் விதைச்சாலும் தட்டுக்காகக் கதிர் முத்தறதுக்கு முன்னாடியே அறுத்துடறோம். கிணத்துல தண்ணி இல்லைன்னு போர் போட்டாச்சு, தூர்ந்த கிணத்தை மூடியாச்சு. குருவி குறையறதுக்குச் செல்போன் டவர்தான் காரணம்னு வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டிருக்கு. அதை நம்பறதுக்கு முன்னாடி, அது தின்ன ஒரு கதிர் வேணும்ங்கறதையும் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கலாம்.

அதனால பறவைக் கழகத்து நண்பர்கள்கிட்ட நான் கேட்கிறது மூணே விசயம்.

ஒண்ணு, வர்ற பொங்கலுக்கு நாலு நாள்ல ஒரு நாள், ஒரே ஒரு காலையில, குளத்தை விட்டுட்டு ஒரு இட்டேரிக்கு வாங்க. முன்கூட்டியே அந்தக் காட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டு வாங்க. விடியக்காலம் முன்பின் தெரியாத பத்துப் பேர் தோட்டத்தோரம் நின்னா, சைட் பார்க்க வந்த புரோக்கர்னுதான் நினைப்பாங்க. அவரையும் கூட்டிக்கிட்டு நடங்க. நீங்க இங்கிலீசுப் பேர் சொல்லுங்க, அவர் எங்க பேர் சொல்லுவார். எந்த மாசம் எந்தக் குருவி எந்தச் செடியில முட்டை வைக்கும்னு உங்க புஸ்தகத்துல இல்லாதது அவருக்குத் தெரிஞ்சிருக்கும். செல்போன்ல பறவைச் சத்தத்தைப் போட்டுக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கிற ஆளுங்களை மட்டும் கூட்டிக்கிட்டு வராதீங்க. அது குஞ்சு வளர்க்கிற பறவைக்குத் தொந்தரவுன்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டு, மயிலை எண்ணும்போது சேதத்தையும் எண்ணுங்க. எந்தக் காடு, என்ன வெள்ளாமை, முளைக்கிறப்பவா பழுக்கிறப்பவா, எத்தனை மயில். ஒரு விவசாயி "மயில் எல்லாத்தையும் தின்னுபோச்சு"ன்னு மனுக் கொடுத்தா ஆபீஸ்ல அது ஒரு காகிதம். பறவையை நேசிக்கிற ஒரு கழகம் தேதியும் எண்ணிக்கையும் போட்டு அதையே சொன்னா அது சாட்சி. அந்த ஒரு காரியத்தைச் செஞ்சீங்கன்னா, அடுத்த தடவை இந்த வேலியை எடுக்காதீங்கன்னு நீங்க சொல்றதை எங்க ஆளு காது கொடுத்துக் கேட்பான்.

மூணாவதுதான் முக்கியம். பட்டியலை இணையத்துல ஏத்தினதோட நிறுத்தாதீங்க, ஊருக்கும் ஒரு காப்பி கொடுங்க. 2002ம் வருசத்துப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு வைக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுன்னு ஒண்ணு எழுதணும். ஊராட்சின்னாலும் சரி, மாநகராட்சின்னாலும் சரி. எந்தச் செடி, எந்தப் பறவை, எந்த இடம்னு ஊர்க்காரங்க சொல்லி எழுத வேண்டிய புஸ்தகம் அது. இட்டேரியோட சர்வே நம்பரும், அதுல இருக்கிற செடியும் பறவையும் அந்தப் பதிவேட்டுல ஏறிட்டா, நாளைக்கு அதைச் சுத்தம் பண்றேன்னு ஒருத்தர் பொக்லைனோட வந்தா, இது வெறும் புதர் இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு ஆதாரம் இருக்கும்.

எங்க ஆளுங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும். காட்டைச் சுத்தி நாலு பக்கமும் வேலி வைங்கன்னு சொல்லலை. கம்பி வேலி போட்டுட்டீங்களா, பரவாயில்லை. தடத்தோரம் ஒரு பக்கமாவது கிளுவைப் போத்தை வெட்டி நட்டு விடுங்க. மழைக்கு முன்னாடி நட்டாத் தானாப் புடிச்சுக்கும், ஒரு ரூபா செலவில்லை. தட்டுக்கு விதைச்ச சோளத்துல ஓரத்துல நாலு சால் கதிர் முத்த விடுங்க. இதனால யாரும் ஏழையாகிட மாட்டோம்.

பொங்கல் முடிஞ்சு பத்தே நாள்ல ஜனவரி 26. பன்னிமடையிலயும் சின்னத்தடாகத்துலயும், தமிழ்நாட்டுல இருக்கிற எல்லா ஊராட்சியிலயும் அன்னைக்குக் கிராம சபை நடக்கும். தெருவிளக்கு, சாக்கடை, தண்ணின்னு பேசி முடிக்கும்போது, ஊர்க்காரர் ஒருத்தர் எந்திரிச்சு, "நம்ம ஊர் இட்டேரியில இத்தனை வகைப் பறவை இருக்குதுங்க, இதைப் பதிவேட்டுல ஏத்தித் தீர்மானம் போடுங்க"ன்னு ஒரு காகிதத்தை நீட்டணும். காகிதத்தை எழுத உங்களுக்குத் தெரியும். எந்திரிச்சுப் பேச எங்களுக்கு உரிமை இருக்கு.